பிரான்சில் கோடைக்காலக் கார் பயணம்: ஊரிலிருந்து வரும் கேள்விகளும் என் பதில்களும்

பாரிஸ் புறநகரில் குடியேறிப் பல வருடம் ஆகிறது. பிப்ரவரி பிறந்தால் போதும், சென்னை, புதுச்சேரி, துபாய் என்று எல்லாப் பக்கமிருந்தும் சொந்தக்காரர்கள் பட்டியல் அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள். "கோடையில் வருகிறோம், கார் எடுத்துக்கொண்டு பிரான்ஸ் முழுக்க ஒரு சுற்று. திட்டம் சரியா, பார்த்துச் சொல்." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன்.

பன்னிரண்டு நாள், ஒன்பது ஊர் போட்டிருக்கிறோம். முடியுமா?

ஓட்ட முடியும். பார்க்க முடியாது.

பிரான்ஸ் வரைபடத்தில் கைக்கு அடக்கமாகத் தெரியும். ஆனால் வடக்கிலிருந்து தெற்கே ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். விரைவுச்சாலையில் மணிக்கு 130 வரை போகலாம், மழை பெய்தால் 110. நீங்கள் பார்க்க ஆசைப்படும் இடங்களோ விரைவுச்சாலையில் இல்லை. உள்ளூர்ச் சாலையில் வரம்பு 80, சில மாவட்டங்களில் மட்டும் 90. ஐந்து நிமிடத்துக்கு ஒரு கிராமம் வரும், அங்கே 50, பல இடங்களில் 30. நடுவே ஒரு டிராக்டர் மாட்டினால் முடிந்தது கதை. விரைவுச்சாலையை விட்டு இறங்கிவிட்டால் மணிக்கு 60 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுங்கள், ஏமாற மாட்டீர்கள்.

இன்னொரு கணக்கு யாரும் போடுவதில்லை. தங்குமிடத்தைக் காலை பத்து, பதினொன்றுக்குள் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த இடத்தில் சாவி கிடைக்க மாலை நான்கு, ஐந்து ஆகும். அதாவது ஊர் மாறும் நாளெல்லாம் பாதி நாள் போச்சு. ஒன்பது ஊர் என்றால் எட்டு முறை பெட்டி கட்ட வேண்டும். பதினான்கு இரவுக்கு ஐந்து தங்கல், ஒவ்வொன்றும் இரண்டு முதல் மூன்று இரவு, அங்கிருந்து சுற்றுவட்டாரம். அதற்கு மேல் யார் கேட்டாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை.

சரி, நீங்களே ஒரு வழி சொல்லுங்களேன்?

முதல் தடவை வருபவர்களுக்கு நான் சொல்வது மேற்கில் தொடங்கித் தென்கிழக்கில் முடியும் வழி. பாரிஸில் காரைத் தொடவே வேண்டாம். அதிவேக ரயிலில் ரென் நகருக்கு ஒன்றரை மணி நேரத்தில் போய், அங்கே காரை எடுங்கள்.

முதல் மூன்று இரவு சேன் மாலோவிலோ அதன் அக்கம்பக்கத்திலோ. இது பிரெத்தாஞ், ஆங்கிலத்தில் பிரிட்டனி என்பார்களே, அந்தப் பகுதி. கோட்டைச் சுவருக்குள் இருக்கும் பழைய ஊர் 1944 போரில் எரிந்து, அதே சாயலில் திரும்பக் கட்டப்பட்டது. இங்கே கடல் ஏறி இறங்குவது 12 மீட்டருக்கும் மேல் போகும். காலையில் நடந்துபோன மணல்திட்டு மதியம் தண்ணீருக்கடியில் இருக்கும். நான் ஒருமுறை கோட்டைக்கு எதிரே உள்ள தீவுக்கு நடந்துபோய், பேச்சு சுவாரசியத்தில் நேரத்தை விட்டுவிட்டேன். திரும்பும்போது கல்பாதையில் கணுக்கால் அளவு தண்ணீர். இன்னும் கால்மணி நேரம் தாமதித்திருந்தால் ஆறு மணி நேரம் கடற்காகங்களோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஓத அட்டவணை சுற்றுலா அலுவலகத்தில் கிடைக்கும், வாங்கிப் பையில் வையுங்கள்.

1746இல் மதராஸைப் பிரெஞ்சுக்காரர்களுக்காகப் பிடித்த லா பூர்தொனே பிறந்த ஊர் இந்த சேன் மாலோதான். தெற்குக் கரையில் லோரியான் துறைமுகத்துக்கு எதிரே போர் லுயீ கோட்டையில் பிரெஞ்சு இந்தியக் கம்பெனியின் அருங்காட்சியகம் இருக்கிறது. புதுச்சேரிக்காரர்கள் ஒருநாளை ஒதுக்கிப் போய்வரலாம். மற்றவர்களுக்குச் சற்றுத் தூரம்தான்.

கடலுக்குள் பாறைத்தீவின் மேல் நிற்கும் மடாலயம் மோன் சேன் மிஷேல், இங்கிருந்து ஒருமணி நேரம். அதற்கு இரண்டரை கிலோமீட்டர் முன்பே காரை நிறுத்திவிட்டு, இலவசப் பேருந்தில் போக வேண்டும். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை திருவிழாக் கூட்டம். சாயங்காலம் போங்கள். ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு பத்து மணி தாண்டும், அவசரமே இல்லை. வழிகாட்டி இல்லாமல் சுற்றியுள்ள மணலில் மட்டும் இறங்காதீர்கள், புதைமணலும் உண்டு.

அடுத்து லுவார் பள்ளத்தாக்கு, மூன்று இரவு, ஆம்புவாஸில் தங்கலாம். 300 கிலோமீட்டருக்கும் மேல். அரண்மனைகளை ஒரே நாளில் நான்கு பார்த்தால் நான்கும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டு போதும் என்பேன். ஒன்று ஷெனோன்சோ, ஷேர் ஆற்றின் மேலேயே பாலம்போல் நிற்பது. இன்னொன்று 1519இல் கட்டத் தொடங்கிய ஷாம்போர். அதன் நடுவில் இரட்டைச் சுருள் படிக்கட்டு. ஒருவர் ஏற, ஒருவர் இறங்க, சன்னல் வழியே ஒருவரை ஒருவர் பார்க்கலாம், எதிர்ப்பட மாட்டார்கள். என் அக்கா பிள்ளைகள் அதிலேயே முக்கால் மணி நேரம் கண்ணாமூச்சி ஆடினார்கள், அரண்மனையின் மற்ற அறைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஷாம்போர் தொடங்கிய அதே 1519இல்தான் லியொனார்டோ டாவின்சி ஆம்புவாஸில் இறந்தார். அவர் கடைசியாக வாழ்ந்த வீட்டை இப்போதும் பார்க்கலாம்.

மூன்றாவது தோர்தோஞ், சர்லா ஊரை மையமாக வைத்து மூன்று இரவு. நான்கு மணி நேர ஓட்டம். வழியில் ஆ20 சாலையில் வியர்சோனிலிருந்து ப்ரீவ் வரை டோல் கிடையாது. ஆதிமனிதர் வரைந்த லாஸ்கோ குகை ஓவியங்கள் 1940இல் கண்டுபிடிக்கப்பட்டவை. மனிதர் மூச்சுக்காற்றால் கெட ஆரம்பித்ததால் 1963இல் குகையை மூடிவிட்டார்கள். இப்போது பார்ப்பது 2016இல் திறந்த முழு நகல். நகலுக்கா இவ்வளவு தூரம் என்று முகம் சுளிக்காதீர்கள், உள்ளே போனதும் அந்த எண்ணமே வராது. கோடையில் நேரம் போட்ட டிக்கெட்டை முன்பே வாங்கிவிடுங்கள்.

நான்காவது ஓப்ராக் மேட்டுநிலம், இரண்டு இரவு. இதைத்தான் எல்லோரும் பட்டியலிலிருந்து அடிப்பார்கள், பெயர் கேள்விப்படாததால். எனக்கு முழுப் பயணத்திலும் பிடித்த இடம் இதுதான். புல்வெளி, கல்வீடு, கண்ணுக்கு மை தீட்டியதுபோல் கருவளையம் உள்ள மாடுகள். கத்திக்குப் பேர்போன லயோல் ஊர் இங்கே. ரொக்கமதூர் பாறைக்கோயிலைப் பார்த்துக்கொண்டே வரலாம். கிளம்பும்போது ஆ75இல் தெற்கே இறங்கினால் மியோ பாலம். 2004 டிசம்பரில் திறந்தது, உச்சியில் 343 மீட்டர், ஈஃபில் கோபுரத்தைவிட உயரம். அந்தச் சாலையில் பாலத்துக்கு மட்டும்தான் கட்டணம். வெறுமனே கடந்து போகாமல் பக்கத்து ஓய்விடத்தில் நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாலத்தின் மேல் இருக்கும்போது பாலம் தெரியாது.

கடைசியாக ப்ரொவான்ஸை ஒட்டிய உசேஸ் பக்கம், மூன்று இரவு. ரோமானியர்கள் முதல் நூற்றாண்டில் கட்டிய போன் து கார் நீர்ப்பாலம் கிட்டத்தில். அதன் கீழே ஆற்றில் குளிக்கலாம், ஆகஸ்ட் வெயிலுக்கு அதைவிட நல்ல இடம் சொல்லத் தெரியவில்லை. அவிஞோன் அதிவேக ரயில் நிலையத்தில் காரை ஒப்படைத்துவிட்டு இரண்டே முக்கால் மணி நேரத்தில் பாரிஸ்.

ஜூலையா, ஆகஸ்டா?

ஜூன் இரண்டாம் பாதி. பிள்ளைகளின் பள்ளி விடுமுறை ஒத்துவரவில்லையென்றால் ஜூலை முதல் இரண்டு வாரம்.

மாதத்தைவிடக் கிழமை முக்கியம். இங்கே வீடுகளை சனி முதல் சனி வரை வாடகைக்கு விடுவது வழக்கம், அதனால் நாடே சனிக்கிழமை இடம் மாறும். ஜூலை விடுமுறைக்காரர்கள் திரும்ப, ஆகஸ்ட் விடுமுறைக்காரர்கள் கிளம்ப, ஜூலை கடைசி, ஆகஸ்ட் தொடக்கத்துச் சனிக்கிழமைகளில் லியோனிலிருந்து தெற்கே போகும் ஆ7 சாலை வாகன நிறுத்துமிடமாகிவிடும். அரசின் போக்குவரத்து முன்னறிவிப்புக்கு பிஸோன் ஃபுத்தே என்று பெயர், கெட்டிக்காரக் காட்டெருமை. ஆண்டு முழுவதுக்குமான நாட்காட்டியில் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கருப்பு என்று நிறம் போட்டிருக்கும். விமான டிக்கெட் எடுக்கும் முன் அதைப் பாருங்கள். கருப்புச் சனிக்கிழமையில் கார் சாவியைத் தொடாதீர்கள், அன்றைக்குச் சந்தைக்குப் போங்கள், ஆற்றில் குளியுங்கள். ஞாயிறோ செவ்வாயோ ஊர் மாறுவதுபோல் தங்கலை அமைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலையில் அவிஞோனில் நாடக விழா. ஊரே மேடையாகிவிடும், ஓட்டல் விலையும் கூடவே ஏறிவிடும். தூர் து ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயமும் ஜூலையில்தான். அது போகும் மலைச்சாலைகளைப் பலமணி நேரம் அடைத்துவிடுவார்கள். அன்றைய பாதையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

லாவண்டர் வயல் பார்க்கணும். ஆகஸ்டில் இருக்குமா?

ப்ரொவான்ஸில் வலான்சோல் மேட்டில் ஜூன் பிற்பகுதியிலிருந்து ஜூலை நடு வரை. அப்புறம் அறுத்துவிடுவார்கள். உயரமான சோ ஊர்ப் பக்கம் ஜூலை கடைசி வரை தாக்குப்பிடிக்கும். ஆகஸ்ட் 10க்கு வந்து ஊதா நிறம் எங்கே என்று கேட்டால் வெட்டிய கட்டைதான் காட்ட முடியும். மேலே சொன்ன வழியில் வலான்சோல் சேராது, வேண்டுமென்றால் ஓப்ராக்கில் ஓர் இரவைக் குறையுங்கள். எனக்கு மனசு வராது, ஆனால் உங்கள் பயணம்.

இந்திய லைசென்ஸ் செல்லுமா?

குறுகிய காலச் சுற்றுலாவுக்குச் செல்லும். கூடவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துவாருங்கள், அது ஓராண்டுக்குச் செல்லும். இரண்டும் கையில் இருக்க வேண்டும். அந்தச் சிறு புத்தகம் மட்டும் இருந்து அசல் லைசென்ஸ் வீட்டில் இருந்தால் கார் தர மாட்டார்கள்.

வாடகைக் கார் கவுன்ட்டரில் சண்டை வருவது பெரும்பாலும் வேறொன்றுக்கு. முன்பணத்தை முடக்கிவைக்க ஓட்டுநரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். அப்பா பெயரில் கார்டு, மகன் பெயரில் லைசென்ஸ் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே சொல்லுங்கள், இல்லாவிட்டால் கியர் வண்டிதான் வரும். சிற்றூர் கிளைகள் மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை பூட்டியிருக்கும், ஞாயிறு திறப்பதே இல்லை. ரயில் எத்தனை மணிக்குப் போய்ச்சேரும் என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

வலதுபக்கம் ஓட்டியதே இல்லை. பயமாக இருக்கிறது.

வலதுபக்கம் ஒருமணி நேரத்தில் பழகிவிடும். காலியான சாலையில் திரும்பும்போதுதான் பழைய கை வேலையைக் காட்டும், பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது குறிப்பாக. பக்கத்து சீட்டில் இருப்பவர் "வலது, வலது" என்று சொல்லிக்கொண்டே வரட்டும், வெட்கப்பட வேண்டாம்.

நிஜமாகவே பயப்பட வேண்டியது வலதுபக்க முன்னுரிமை. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், வலதுகைப் பக்கச் சந்திலிருந்து வருபவருக்குத்தான் வழி. நம்மூரில் பெரிய சாலையில் போகிறவர் ராஜா. இங்கே ஒரு கிராமத்துச் சந்திலிருந்து பாட்டியம்மா ஒருவர் இடமும் வலமும் பார்க்காமல் காரை நுழைப்பார், சட்டம் அவர் பக்கம். சாலையோரம் வெள்ளைக் கரையிட்ட மஞ்சள் வைரப் பலகை இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. அதே பலகையில் குறுக்குக் கோடு விழுந்தால் உங்கள் ராஜ்ஜியம் முடிந்தது, பிரேக்கில் கால் வையுங்கள். ரவுண்டானாவில் பெரும்பாலும் உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழி.

டோல் எவ்வளவு ஆகும்?

பாரிஸிலிருந்து மார்சேய் வரை ஒரு வழிக்கே அறுபது யூரோ தாண்டும். நான் சொன்ன வழியில் அவ்வளவு ஆகாது. பிரெத்தாஞ் முழுக்க விரைவுச்சாலைக்கு டோல் இல்லை, ஆ20, ஆ75 பற்றி மேலேயே சொல்லிவிட்டேன்.

நுழையும்போது இயந்திரம் சீட்டு கொடுக்கும், வெளியேறும்போது அதை நுழைத்துக் காசு கட்ட வேண்டும். சீட்டைத் தொலைத்தால் மிக நீண்ட தூரத்துக்கான கட்டணத்தைப் போடலாம். எங்கள் வீட்டில் அதை சன்-வைசரில் செருகுவது சட்டம். ஆரஞ்சு நிற 't' எழுத்து மட்டும் இருக்கும் பாதையில் போகாதீர்கள், அது நம்ம ஃபாஸ்டாக் போன்ற கருவி வைத்திருப்பவர்களுக்கு. பச்சை அம்பு போட்ட பாதை எல்லோருக்கும்.

பாரிஸிலிருந்து நார்மண்டி போகும் ஆ13, ஆ14 சாலைகளில் 2024 முதல் டோல்கேட்டே கிடையாது. கேமரா நம்பரைப் படித்துக்கொள்ளும், 72 மணி நேரத்துக்குள் இணையத்திலோ புகையிலைக் கடையிலோ கட்ட வேண்டும். தடுப்பே இல்லையே, இலவசம் போல என்று நினைத்துப் போன என் நண்பருக்கு மூன்று மாதம் கழித்து அபராதத் தாள் வந்தது. வேகக் கேமராவும் அப்படித்தான். வாடகை நிறுவனம் உங்கள் முகவரியைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்குத் தனியாக ஒரு கட்டணமும் பிடித்துக்கொள்ளும்.

எரிபொருள்?

டீசலுக்கு இங்கே கசோல் என்று பெயர். பெட்ரோல் என்று நினைத்து அதைப் போட்டவர்கள் உண்டு. மூடியில் எழுதியிருக்கும் குறியையும் பம்பில் இருக்கும் குறியையும் பொருத்திப் பாருங்கள்: பெட்ரோலுக்கு வட்டத்துக்குள் E, டீசலுக்குச் சதுரத்துக்குள் B. விரைவுச்சாலைப் பங்குகளில் விலை அதிகம், சூப்பர்மார்க்கெட் பங்குகளில் குறைவு.

நாங்கள் சைவம். பட்டினியா?

இல்லை, ஆனால் ஊருக்கு ஊர் தந்திரம் வேறு.

பிரெத்தாஞ்சில் கவலையே வேண்டாம். கலெத் என்பது மரக்கோதுமை (பக்வீட்) மாவு, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். பெரிய வட்ட இரும்புக் கல்லில் ஒரு கரண்டி மாவை ஊற்றி, T வடிவ மரக்குச்சியால் ஒரே சுற்றில் இழுப்பார்கள். ஓரம் மொறுமொறு என்று சரிகைபோல் எழும்பும். என் அம்மா முதல்முறை பார்த்துவிட்டு, "கல் சூடு சரியா இருக்கு, ஆனா புளிக்கவைக்கலையே" என்று தீர்ப்புச் சொன்னார். முட்டை, காளான், சீஸ் வைத்துக் கேளுங்கள். 'கொம்ப்ளேத்' என்று கேட்டால் பன்றியிறைச்சி உள்ளே வரும்.

தோர்தோஞ்தான் கண்டம். அந்த ஊரே வாத்தில் ஓடுகிறது. பெரிகோர் சாலட் என்று மெனுவில் பச்சையாகத் தெரிவதற்குள் வாத்தின் இரைப்பை இருக்கும். சர்லா உருளைக்கிழங்கு வறுவல் வாத்துக் கொழுப்பில் வறுத்தது. இங்கே மட்டும் சமையலறையோடு ஒரு ழீத் எடுத்துக்கொள்ளுங்கள், ழீத் என்றால் கிராமத்து வாடகை வீடு. புதன், சனியில் சர்லா சந்தை, தக்காளியும் கத்தரியும் வாங்கிச் சமைத்துக்கொள்ளலாம். பாரிஸில் இறங்கும் நாளன்றே வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பேல் தமிழ்க் கடைகளில் அரிசி, மிளகாய்த்தூள், புளி எல்லாம் கிடைக்கும். குக்கர் கொண்டுவந்தால் பிளக் மாற்றியும் கொண்டுவாருங்கள், மூன்று முனை இந்திய பிளக் இங்கே நுழையாது.

ஓப்ராக்கில் அலிகோ. மசித்த உருளைக்கிழங்கில் புதுச் சீஸையும் பூண்டையும் போட்டு மரக்கரண்டியால் தூக்கித் தூக்கிக் கிண்டுவார்கள். நம்மூர் மாஸ்டர் டீ ஆற்றுவதுபோல் ஒரு கை உயரத்துக்கு இழையும், அறுபடாது. கூடவே தொத்திறைச்சி வைப்பது வழக்கம், வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். சுத்த சைவர்களுக்கு ஒன்று: இந்தப் பாரம்பரியச் சீஸ்களைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டுதான் உறையவைக்கிறார்கள். வடக்கே ல புய் ஊரின் பச்சைப் பருப்பு, முழு மைசூர்ப் பருப்புக்குப் பச்சை நிறத்தில் ஒரு பங்காளி, இந்தப் பக்கக் கடைகளில் கிடைக்கும். இரண்டு பொட்டலம் வாங்குங்கள். குழம்புக்கு நன்றாகக் குழையாது, சுண்டலுக்குப் பிரமாதம்.

நேரம் தவறினால் சைவம், அசைவம் எல்லோருக்குமே பட்டினிதான். மதியச் சாப்பாடு பன்னிரண்டு முதல் இரண்டு. இரண்டே காலுக்குப் போனால் சமையலறை மூடியிருக்கும், எவ்வளவு கெஞ்சினாலும் திறக்காது. ஞாயிறு இரவும் திங்களும் பல உணவகங்களுக்கு விடுமுறை. காரில் எப்போதும் ரொட்டி, பழம், சீஸ் இருக்கட்டும். குடிக்கக் குழாய்த் தண்ணீர் குடுவையில் இலவசம், 'கராஃப் தோ' என்று கேளுங்கள்.

காரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாமா?

ஒரு கதை. தோர்தோஞ் பக்கம் ஒரு சிற்றூர். இரவு ஒன்பதரை, சதுக்கம் முழுக்கக் காலி, காசு கட்டும் இயந்திரமும் இல்லை. அதிர்ஷ்டம் என்று நிறுத்திவிட்டுத் தூங்கினேன். காலையில் கார் இருந்த இடத்தில் முலாம்பழம் விற்றுக்கொண்டிருந்தார்கள். வாரச்சந்தை நாள். காலை ஐந்து மணியிலிருந்து நிறுத்தக் கூடாது என்று பலகை இருந்திருக்கிறது, பிளாட்டேன் மரக்கிளைக்குப் பின்னால். இழுத்துப்போன காரை மீட்க ஒரு காலைப் பொழுதும், நல்ல விருந்துக்கான காசும் போயின. ஊருக்குள் நுழைந்ததும் சந்தைக் கிழமை எது என்று கேட்டுவிடுங்கள்.

நீலக்கோடு போட்ட இடங்களில் நேரம் காட்டும் அட்டையைக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும், புகையிலைக் கடையில் கிடைக்கும். இடம் மாறும் நாளில் பெட்டிகளோடு காரை விட்டுவிட்டுக் கடற்கரைக்கோ குகைக்கோ போகாதீர்கள், தெற்கில் முக்கியமாக. பாஸ்போர்ட் எப்போதும் உடம்போடு.

நடுவழியில் வண்டி நின்றுவிட்டால்?

விரைவுச்சாலையில் என்றால் ஒளிரும் சட்டையைப் போட்டுக்கொண்டு எல்லோரும் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். சட்டையும் முக்கோணமும் காரில் இருக்கிறதா என்று எடுக்கும்போதே பாருங்கள். ஓரத்தில் ஆரஞ்சு நிறத் தொலைபேசி இருக்கும், அதில் பேசுங்கள். அங்கே அனுமதி பெற்ற இழுவை வண்டி மட்டும்தான் வரலாம், நீங்களாக யாரையும் கூப்பிட முடியாது. உயிர் ஆபத்து என்றால் 112.

எங்களுக்கு பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாதே?

ஒரு வார்த்தை வேண்டும். போன்ழூர். கடைக்குள் நுழைந்ததும், பஸ் ஏறியதும், வழி கேட்கும் முன், எல்லாவற்றுக்கும் முதலில் அது. "எக்ஸ்கியூஸ் மி, ஹவ் மச்" என்று நேராக ஆரம்பித்தால் முகம் இறுகிவிடும், நீங்கள் பிரெஞ்சுக்காரர்கள் திமிர் பிடித்தவர்கள் என்று ஊருக்குப் போய்ச் சொல்வீர்கள். என் சித்தப்பா இரண்டு வாரமும் அந்த ஒரு வார்த்தையை வைத்தே ஓட்டினார். லயோலில் ரொட்டிக்கடைக்கார அம்மா இரண்டாம் நாளே அவரைப் பார்த்ததும் கேட்காமலேயே ஒரு பகெத்தைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வைத்துவிட்டார்.